சிம் ரேசிங்குக்கு நல்ல ஸ்டியரிங்: வேலூரில் இருந்துகொண்டு வாங்குவது எப்படி

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஓர் இரும்பு ஸ்டாண்டும் அதன்மேல் ஒரு ஸ்டியரிங்கும் இருக்கின்றன. சிம் ரேசிங்குக்காக வாங்கியது, அதாவது கம்ப்யூட்டரிலோ கன்சோலிலோ அசல் கார்போலவே ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து ஓட்டும் பந்தயத்துக்கு. பார்க்க வருகிற தெருப் பையன்கள் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, "இதையே நானும் வாங்கலாமா அண்ணா?" விலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அடுத்த கேள்விக்கு ஒரு வரி போதாது. 2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்ப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதன் பிறகு இப்படிக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

நம் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக்கூடக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, காம்பு வாடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவோம். ஆனால் லட்ச ரூபாய் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்து வாங்க, எனக்குத் தெரிந்து வேலூரில் ஒரு கடை இல்லை. படத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். கையால் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒரு பொருளைக் கண்ணால் தேர்ந்தெடுப்பதுதான் புதியவர்கள் செய்கிற பிழைகளில் பாதி. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். விலை குறைந்த செட்டுகளில் ஸ்டியரிங் என்பது ஒரே பொருள். மேல்ரகத்துக்குப் போனதும் அது இரண்டாகப் பிரிந்துவிடும். மோட்டார் இருக்கும் பெட்டி ஒன்று. அதை பேஸ் என்பார்கள். கையில் பிடிக்கிற வளையம் இன்னொன்று, அது ரிம். இரண்டையும் தனித்தனியாக வாங்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஒரு பேஸுக்கு மூன்று ரிம் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

1. எதில் செருகப் போகிறீர்கள்?

கம்ப்யூட்டர் என்றால் கவலை குறைவு. சந்தையில் உள்ள ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடும். பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ என்றால் அந்தந்தக் கன்சோலுக்கு உரிமம் பெற்ற கருவிதான் வேலை செய்யும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்மனியின் ஃபனாடெக் கருவிகளில் பிளேஸ்டேஷனுக்கான அனுமதி பேஸுக்குள் இருக்கும். எக்ஸ்பாக்ஸுக்கான அனுமதி ரிம்முக்குள் இருக்கும். இது தெரியாமல் பேஸை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, எக்ஸ்பாக்ஸில் செருகினால் வேலை செய்யவில்லையே என்று தலையில் கைவைத்தவர்கள் உண்டு. ஃபின்லாந்தின் சிமுகியூப் 2 போன்ற உச்சவகைப் பேஸ்கள் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும்.

என் முதல் பேஸை விற்றவர் "எல்லாவற்றிலும் ஓடும்" என்று தொலைபேசியில் சொன்னார். யார் என்பது இப்போது வேண்டாம். பிளேஸ்டேஷனில் செருகினேன், விளக்கு எரிந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கு நட்டத்துக்கு அதைத் தள்ளிவிட்டேன். விற்பவரின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் உங்கள் கன்சோலின் பெயர் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸுக்கும் பாருங்கள், ரிம்முக்கும் பாருங்கள்.

2. எந்தக் கார் ஓட்டப் போகிறீர்கள்?

"எல்லாமே ஓட்டுவேன்" என்பது எல்லோரும் சொல்கிற பதில். ஒரு மாதம் உங்களிடம் இப்போது இருக்கும் கன்ட்ரோலரிலேயே விளையாடிப் பாருங்கள், எந்தப் பந்தயத்துக்கு மறுபடி மறுபடி போகிறீர்கள் என்று தெரிந்துவிடும். ரிம்மின் வடிவமும் அளவும் அதைப் பொறுத்தவை.

ஃபார்முலா கார்களில் ஸ்டியரிங் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அரைச் சுற்றுதான் திரும்பும். கை வளையத்தை விட்டு நகராது. அதனால் அந்த ரிம்முக்கு மேலும் கீழும் வளைவு தேவையில்லை. இரண்டு பக்கமும் பிடி இருந்தால் போதும். 270 முதல் 300 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கும். சாலைக் கார்களை மாற்றிச் செய்த ஜிடி3 வகைப் பந்தயக் கார்களிலும் முக்கால் சுற்றுக்குள் முடிந்துவிடும். 300 முதல் 320 மில்லிமீட்டர், கீழ்ப்பகுதி தட்டையானதோ மேல்பகுதி திறந்ததோ பொருந்தும்.

ராலியும் (மண்பாதை, மலைப்பாதைப் பந்தயம்) டிரிஃப்டும் (வண்டியைச் சறுக்கவிட்டு ஓட்டுவது) வேறு சாதி. ஏலகிரி மலைப்பாதையில் கார் ஓட்டியிருந்தால் இது உடனே புரியும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங்கைக் கைமாற்றிக் கைமாற்றித் திருப்ப வேண்டும். கை எங்கே போய் விழுந்தாலும் அங்கே வளையம் இருக்க வேண்டும். அப்படி ஓட்டப் போகிறவர்களுக்கு 330 முதல் 350 மில்லிமீட்டர் முழுவட்டம்தான் சரி. ஃபார்முலா ரிம்மை வைத்து ராலி ஓட்டினால் வளைவின் நடுவில் கை காற்றைப் பிடிக்கும்.

இந்த அளவுகளெல்லாம் எண்ணாகப் பார்த்தால் மனத்தில் ஏறாது. சமையலறைக்குப் போய் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுகளை அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஒன்றாவது 28 முதல் 30 சென்டிமீட்டர் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து அதை நெஞ்சுக்கு நேராக, மணி ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில் பிடியுங்கள். அதுதான் ஃபார்முலா ரிம்மின் அகலம். பெரிய தாம்பாளத்தை எடுத்தால் ராலி ரிம். அம்மா சிரிப்பார், பரவாயில்லை. எங்கள் வீட்டில் தோள் அகன்ற தம்பிக்கு 28 சென்டிமீட்டர் தட்டு மணிக்கட்டை உள்ளே மடக்கியது, எனக்குச் சரியாக இருந்தது. ஐம்பதாயிரம் ரூபாய் செலவழித்துக் கண்டுபிடிக்க வேண்டியதைத் தட்டே சொல்லிவிட்டது.

ஒரே ஒரு ரிம்தான் வாங்க முடியும், எது ஓட்டுவோம் என்றும் உறுதியில்லை என்றால் 320 மில்லிமீட்டர் முழுவட்டம் எடுங்கள். அழகாக இருக்காது. ஆனால் எதையும் ஓட்டலாம்.

3. மோட்டார் எவ்வளவு இழுக்க வேண்டும்?

ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது சாலையை மோட்டார் உங்கள் கைக்கு மொழிபெயர்ப்பது. அதை மூன்று விதமாகச் செய்கிறார்கள். 2015-இல் வந்த லாஜிடெக் ஜி29-இல் பல்சக்கரங்கள் வழியாக விசை வரும். கரகரவென்ற உணர்வும் சேர்ந்து வரும். திரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவற்றில் பெல்ட் வழியாக வரும். மிருதுவாக இருக்கும், ஆனால் நுட்பங்கள் பெல்ட்டிலேயே கொஞ்சம் தேய்ந்துவிடும். டைரக்ட் டிரைவில் இடையில் எதுவும் கிடையாது. மோட்டாரின் அச்சுதான் ஸ்டியரிங்கின் அச்சு. மேல்ரகம் என்று இன்றைக்குச் சொன்னால் டைரக்ட் டிரைவ்தான். 2021-இல் ஃபனாடெக்கின் சிஎஸ்எல் டிடி என்ற பேஸ் வந்த பிறகு அது நடுத்தரக் குடும்பத்துப் பையனும் கனவு காணக்கூடிய விலைக்கு இறங்கியது.

திருப்பு விசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். புதியவர்களுக்கு அது வெறும் எண். கிலோவாக மாற்றிப் பாருங்கள். 300 மில்லிமீட்டர் ரிம்மின் விளிம்பில் 8 நியூட்டன் மீட்டர் என்றால் ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. அதாவது ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று ரிம்மின் ஓரத்தில் தொங்குவதுபோல. ஜி29-இன் 2 நியூட்டன் மீட்டர் சொச்சம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 17 நியூட்டன் மீட்டர் என்றால் பதினொன்றரைக் கிலோ. 25 என்றால் பதினேழு கிலோ. நிறைகுடத்தைப் பக்கவாட்டில் தொங்கவிட்ட மாதிரி.

கடையில் கிடைப்பவற்றை இந்தக் கணக்கில் வையுங்கள். சிஎஸ்எல் டிடி சாதாரணமாக 5, பெரிய பவர் அடாப்டர் போட்டால் 8. சீனாவின் மோஸா நிறுவனத்தில் ஆர்5 என்பது 5.5, ஆர்9 என்பது 9, ஆர்12 என்பது 12. 2022-இல் வந்த லாஜிடெக் ஜி புரோ 11. சிமுகியூப் 2 ஸ்போர்ட் 17, புரோ 25, அல்டிமேட் 32.

பெரிய எண்ணை வாங்குவது கையை உடைத்துக்கொள்ளவா என்று கேட்கலாம். அதற்கு ஒரு நியாயம் உண்டு. கோயில் திருவிழாவில் சின்ன ஒலிபெருக்கியை முழுக்கத் திருகிவிட்டால் பாட்டும் பறையும் ஒரே இரைச்சலாகிவிடும், இல்லையா? சிறிய மோட்டாரிலும் அதுதான் நடக்கும். வேகமான வளைவில் விளையாட்டு கேட்கும் விசை மோட்டாரின் எல்லையைத் தாண்டினால், அதற்கு மேல் உள்ள ஏற்ற இறக்கமெல்லாம் ஒரே மட்டமாகிவிடும். டயர் பிடி நழுவுகிற அந்த நொடி உங்கள் கைக்கு வராது. இதை கிளிப்பிங் என்பார்கள். பெரிய மோட்டாரைப் பாதி விசையில் ஓட்டினால் அந்த நுட்பம் தப்பிப் பிழைக்கும்.

ஆனால் ஒரு வரம்புக்கு மேல் அது வீண். என் தீர்ப்பு இது: புதியவருக்கு 8 முதல் 12 வரை போதும். 17-க்கு மேல் வாங்கிய நண்பர்கள் எல்லோரும் அதைக் குறைத்து வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். மிச்சப் பணத்தை பெடலில் போடுங்கள். காலின் அழுத்தத்தை அளக்கும் லோட் செல் பிரேக் பெடல், விலை உயர்ந்த எந்த ஸ்டியரிங்கைவிடவும் அதிகமாக, ஒரு சுற்று ஓட்ட உங்களுக்கு ஆகும் நேரத்தைக் குறைக்கும். ஸ்டியரிங் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது பெண் பார்க்கப் போன வீட்டில் பந்தியைப் புகழ்வதுபோல என்றாலும், உண்மை அதுதான்.

4. எதன்மேல் பொருத்துவீர்கள்?

மேசையில் கவ்வி வைப்பதெல்லாம் 5 நியூட்டன் மீட்டரோடு சரி. 8-க்கு மேல் போனால் மேசையும் சேர்ந்து ஆடும். கடையில் விற்கும் அலுமினிய ஸ்டாண்டுகள் நன்றாக இருக்கும். அனுப்பும் செலவும் நன்றாகவே இருக்கும். நான் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் செய்துகொண்டேன். பட்டறைக்காரரிடம் "கார் ஸ்டியரிங் மாட்ட" என்றதும் அவர் ஏதோ வண்டிக்கு என்று நினைத்து, இரண்டு பேர் ஏறி நிற்கலாம் போல உறுதியாகச் செய்துவிட்டார். அந்தத் தவறுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பேஸின் அடியில் உள்ள துளைகளின் வரைபடத்தைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து, ஒன்றுக்கு ஒன்று அளவில் அச்சடித்துக் கொடுங்கள். வாயால் சொன்னால் துளை இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போகும்.

சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம். பிரேக்கை மிதித்ததும் நாற்காலி சுவருக்குப் போய்விடும்.

5. ரிம்: கை இருக்கும் இடம்

இதுவரை சொன்னது கணக்கு. இனிமேல்தான் கை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். ஆனால் பழைய வட ஆற்காட்டுக்காரருக்கு இவையெல்லாம் ஒரே தோல் வாடை அடிக்கிற ஊர்கள். ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்ட காலம் தொட்டு இங்கே குடும்பத்துக்கு ஒருவராவது தோலில் கைவைத்தவர் இருப்பார். அந்தத் தொழில் பாலாற்றைப் படுத்திய பாடு தனிக்கதை. 1996-இல் உச்ச நீதிமன்றமே அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் தோலைப் பார்த்தால் தெரிந்துகொள்ளும் விரல்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. என் தாய்மாமா ஆம்பூரில் ஷூ ஆலையின் கட்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் என்னுடைய இரண்டாவது ரிம்மைக் கொண்டுபோய்க் காட்டினேன். "அசல் தோல்" என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ரிம்மை ஜன்னல் பக்கம் சாய்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்தார். கட்டைவிரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். நல்ல தோல் என்றால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் கதிர்போலப் பரவும். பிளாஸ்டிக் பூச்சு என்றால் வெறும் பள்ளம் விழும். சுருக்கம் விழுந்தது, ஆனால் கொஞ்சம்தான். பிறகு துளைகளைப் பார்த்தார். விலங்கின் தோலில் மயிர்த்துளைகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் தள்ளியும் இருக்கும். இதில் எல்லாம் ஒரே சீராக, கோலப்புள்ளி வைத்ததுபோல இருந்தது.

"தோல்தான் மாப்பிள்ளை. ஆனால் மேல்பக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அச்சுப் போட்டிருக்கிறார்கள். நீ பிடித்துக்கொண்டிருப்பது பெயின்ட்டை. வியர்வை பட்டால் முதலில் உரியப் போவது அதுதான்" என்றார்.

பதினொரு மாதத்தில் மூன்று மணி இடத்தில் உரியத் தொடங்கியது.

அவரிடம் கற்றதைப் புதியவர்களுக்கு ஏற்ற மாதிரி சொல்கிறேன். "அசல் தோல்" என்ற சொல் அது தோல் என்று மட்டும்தான் சொல்கிறது. எந்த அடுக்கு, எப்படிப் பதப்படுத்தியது என்று சொல்லாது. ஃபுல் கிரெய்ன் என்று போட்டிருந்தால் மேல்பரப்பு தேய்க்கப்படாதது. நாப்பா என்றால் மென்மையான வகை, கைக்குச் சுகம். பெர்ஃபரேட்டட் என்றால் சிறு துளை போட்டது. நம் வெயிலுக்கு அதுவே நல்லது. வீகன் லெதர், பியு லெதர் என்றால் தோலே இல்லை. விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: ஒன்பது மணி இடம், மூன்று மணி இடம், தையல் மூடும் இடம். ஃபிளாஷ் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படமாக இருக்கட்டும். அனுப்ப மறுக்கிற விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

தையலைப் பற்றிப் பேசும் ஆள் குறைவு. மாமா அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தையல் வளையத்தின் உள்பக்கமாக ஓட வேண்டும். உள்ளங்கை அழுந்தும் இடத்தில் வந்தால் ஒரு மணி நேரத்தில் தோலைச் சிவக்க வைக்கும். நூல் துளைகள் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் இருக்கின்றனவா, தோலின் இரு ஓரங்களும் முட்டிக்கொண்டு நிற்கின்றனவா, இடையில் அடிப்பஞ்சு தெரிகிறதா என்று பாருங்கள். பஞ்சு தெரிந்தால் தோலை இழுத்துப் போதாக்குறையாகத் தைத்திருக்கிறார்கள்.

அடுத்தது அல்கன்டரா. பந்தயக் கார்ப் படங்களில் கறுப்பாக, வெல்வெட் மாதிரி மின்னுமே, அது. பலர் அதை ஒரு வகைத் தோல் என்று நினைக்கிறார்கள். அது பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்த நுண்ணிழைத் துணி. ஜப்பானில் கண்டுபிடித்து இத்தாலியில் தயாரிக்கிறார்கள். ஸ்வேட் என்பதுதான் உண்மையான தோலின் அடிப்பக்கத்தைத் தேய்த்துச் செய்வது. இரண்டும் புதிதில் கையில் ஒட்டிக்கொள்வதுபோலப் பிடி கொடுக்கும். பிறகு வியர்வையும் அழுக்கும் ஏறி இழைகள் படுத்துவிடும், பளபளவென்று வழுக்கும். மே மாதம் 40 பாகை செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில், மாடி அறையில், கையுறை இல்லாமல் அல்கன்டராவை வைத்திருப்பது வெள்ளைச் சட்டையோடு கரும்புச்சாறு பிழிவதற்குச் சமம். வாங்கினால் கையுறையும் மெல்லிய தூரிகையும் சேர்த்து வாங்குங்கள்.

ஃபார்முலா வகை ரிம்களில் சிலிக்கான் அல்லது ரப்பர் பிடி வரும். படத்தில் மலிவாகத் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், வியர்வை ஒன்றும் செய்யாது. கையுறை போடப் பிடிக்காதவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். என் மூன்றாவது ரிம்மில் இருப்பது அதுதான். மாமாவுக்கு மட்டும் அதில் மரியாதை இல்லை.

பிடியின் பருமனும் பார்க்க வேண்டும். பெரும்பாலான ரிம்கள் 28 முதல் 32 மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும். வீட்டில் மின்கம்பி இழுக்கப் பயன்படும் 25 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் ஒரு துண்டு எடுத்து, அதன்மேல் கிரிக்கெட் மட்டைக்கான ரப்பர் உறை ஒன்றை ஏற்றுங்கள். ஏறக்குறைய 28 முதல் 29 ஆகிவிடும். இரண்டு உறை ஏற்றினால் 32 பக்கம் வரும். தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். முன்கை வலித்தால் அது உங்களுக்குத் தடிமன். இந்தச் சோதனைக்கு நூறு, இருநூறு ரூபாய்தான் ஆகும்.

எடையைக் கடைசியாகச் சொல்கிறேன், சின்ன விஷயம் என்பதால் அல்ல. மோட்டார் அனுப்பும் நுண்ணதிர்வைக் கனமான ரிம் விழுங்கிவிடும். 8 நியூட்டன் மீட்டர் பேஸில் இரண்டு கிலோ ரிம்மைப் போட்டால் பேஸுக்குச் செலவழித்த பணத்தில் கொஞ்சத்தை ரிம்மே தின்றுவிடுகிறது. கார்பன் ஃபைபர் தட்டுக்கு உள்ள மதிப்பு அதன் எடைக்குறைவில் இருக்கிறது. மேலே ஒட்டிய கார்பன் ஸ்டிக்கருக்கு அந்த மதிப்பு கிடையாது. தளத்தில் எடை போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

6. பட்டன்கள், திரை, விளக்குகள்

இத்தாலியின் கியூப் கன்ட்ரோல்ஸ், ஆஷர் ரேசிங் போன்றோரின் ரிம்களைப் பார்த்தால் விமான ஓட்டியின் அறை மாதிரி இருக்கும். மயங்காதீர்கள். பந்தயத்தின் நடுவில் பிரேக் சமநிலை, டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்காமல் காப்பது), ஏபிஎஸ், ரேடியோ, பிட் எல்லைவேகம் (வண்டி நிறுத்தும் பாதைக்கான வேகவரம்பு) என்று ஆறேழு வேலைகளுக்கு மேல் கை போகாது. பத்துப் பட்டன், இரண்டு திருகு குமிழ் போதும். பட்டனை அழுத்தினால் சொடக்கென்று விரலில் தெரிய வேண்டும். பதற்றத்தில் கண்ணால் பார்க்க நேரம் இருக்காது.

கியர் மாற்றும் பின்பக்கத்து பேடில் ஷிஃப்டர் காந்தத்தில் இயங்குவதாக இருக்கட்டும். சத்தம் அதிகம், இரவில் ஓட்டினால் வீட்டில் திட்டு விழும். ஆனால் கியர் விழுந்ததா இல்லையா என்ற சந்தேகம் வராது. கீழே இன்னும் இரண்டு பேடில் இருந்தால் அவை கிளட்சுக்கு. நின்ற நிலையிலிருந்து கிளம்பும் பந்தயங்களுக்கு மட்டும் உதவும். திரை வேண்டுமா? வேண்டாம். பலவற்றில் அதை நிரப்ப சிம்ஹப் போன்ற மென்பொருள் தேவை; அது கம்ப்யூட்டருக்கு மட்டுமே. முதல் ரிம்மில் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

7. ரிம்மும் பேஸும் சேரும் இடம்

ரிம்மைக் கழற்றி மாட்டும் பூட்டுக்கு குயிக் ரிலீஸ் என்று பெயர். ஃபனாடெக், சிமுகியூப், மோஸா ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பூட்டு. ஒருவர் பூட்டில் இன்னொருவர் ரிம் ஏறாது. இடையில் அடாப்டர் வேண்டும். அடாப்டர் போட்டால் பட்டன்களுக்குத் தனி யுஎஸ்பி கம்பி ஓடலாம். ஃபனாடெக்கில் பழைய பூட்டு, கியூஆர்2 என்று இரண்டு தலைமுறை உண்டு. பழையதை விலை குறைவு என்று வாங்கும் முன் உங்கள் பேஸ் எந்தத் தலைமுறை என்று பாருங்கள்.

மோமோ, ஸ்பார்கோ போன்ற அசல் கார் ஸ்டியரிங்குகளில் 70 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு துளைகள் இருக்கும், நார்டியில் 74. பட்டன் பெட்டி தனியாக வாங்கி, கார் அலங்காரக் கடையில் கிடைக்கும் அசல் ஸ்டியரிங்கை இதில் மாட்டிக்கொள்ளலாம். கையில் தொட்டுப் பார்த்து வாங்க நம் ஊரில் உள்ள ஒரே வழி இதுதான். ஆனால் அந்தக் கடைகளில் போலிகள் நிறைய. மாமா மாதிரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

8. பணம் கட்டும் முன்

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தளத்தில் காட்டும் விலை உங்கள் விலை ஆகாது. கப்பல் அல்லது விமானக் கட்டணம், சுங்கவரி, அதன்மேல் ஜிஎஸ்டி எல்லாம் சேரும். இந்தியாவில் விநியோகம் உள்ள பிராண்டை, கொஞ்சம் விலை கூடினாலும், முதலில் பாருங்கள். கேட்க வேண்டிய ஒரே கேள்வி: கெட்டுப்போனால் யாருக்கு அனுப்புவது, அனுப்பும் செலவு யாருடையது? என் ரிம்மில் ஒரு பேடில் ஒடிந்தபோது, உதிரிப்பாகம் இலவசம் என்றார்கள். ஆனால் ரிம்மை அவர்களுடைய நாட்டுக்கு என் செலவில் அனுப்ப வேண்டும் என்றார்கள். கடைசியில் காட்பாடியில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பெரியவர் பித்தளைத் துண்டில் ஒரு கொக்கி செய்து கொடுத்தார், இன்றும் ஓடுகிறது.

பெட்டியையும் உள்ளிருக்கும் பஞ்சையும் தூக்கி எறியாதீர்கள். திருப்பி அனுப்பவும் விற்கவும் அதுதான் வேண்டும்.

முடிந்தால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். காட்பாடியிலிருந்து ஒரு பக்கம் சென்னை, இன்னொரு பக்கம் பெங்களூரு. இரண்டு நகரங்களிலும் சிம் ரேசிங் மையங்கள் இருக்கின்றன. காலை ரயிலில் போய், மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து, வெவ்வேறு பேஸ்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். சென்னைக்குச் சாலை வழியாகப் போனால், இருங்காட்டுக்கோட்டையில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே சென்னைப் பந்தயத்தடம் இருக்கிறது. பந்தயம் நடக்கும் நாளில் போனால், வண்டி நிற்கும் கொட்டகைகளின் பக்கம் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கை எப்படிக் கழற்றி மாட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். அசல் பந்தயக் காரின் ஸ்டியரிங் எவ்வளவு சாதாரணமாகவும் தேய்ந்தும் இருக்கும் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

9. பெட்டி வந்த பிறகு

பேஸை அலமாரிக்குள்ளோ சுவரோடு ஒட்டியோ வைக்காதீர்கள். அதன் உலோக உடம்புதான் சூட்டை வெளியேற்றுகிறது. கத்திரி வெயிலில் அதிக நேரம் ஓட்டினால் பேஸ் தன்னைக் காத்துக்கொள்ள விசையைக் குறைத்துக்கொள்ளும். "மோட்டார் கெட்டுவிட்டது" என்று பதறாமல் ஒரு மேசை விசிறியை அதன் பக்கம் திருப்புங்கள். எர்த் சரியாக இருக்கும் பிளக்கில் செருகுங்கள். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்திருந்தால் அதன் திறன் பேஸையும் தாங்குமா என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். மின்சாரம் போகிற நொடியில் ஸ்டியரிங் கையில் துணியாகத் தொங்கும். இணையப் பந்தயத்தில் பின்னால் வருபவருக்கு நம் ஊர் மின்தடை தெரியாது.

முதல் நாள் விசையைப் பாதிக்கும் கீழே வையுங்கள். கட்டைவிரலை வளையத்தின் உள்ளே கம்பிகளுக்கு இடையில் கோத்துப் பிடிக்காதீர்கள். கார் சுவரில் மோதும்போது ஸ்டியரிங் சுழன்றால் விரல் அதோடு போகும். விளிம்பின்மேல் படுக்க வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஓட்டி முடித்ததும் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். பேஸ் தொடங்கும்போது சில வகைகள் தானாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும்.

ஒரே காரையும் ஒரே தடத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். அந்த வாரத்தில் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள். இரண்டாம் வாரத்தில் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். வேகமான வளைவிலும் கனம் ஏறி இறங்குவது கைக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போய், அது மட்டமாகத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள்.

ரிம்மை ஓட்டி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். தோல் ரிம்முக்கு மாதம் ஒருமுறை லெதர் கண்டிஷனர் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், தையலில் இறங்கி அழுக்கைச் சேர்க்கும். மாமா சொன்னது இது.

ரிம்மைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் அதிர்வில் தளரும். மாதத்துக்கு ஒருமுறை ஆலன் சாவியால் ஒவ்வொன்றையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சாவியைத் தேடுவதே பெரிய வேலையாக இருந்ததால், ஒரு நூல்கயிற்றில் கோத்து ஸ்டாண்டிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.